சரிவு வாசலில் காரைத் தூக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் கோத்தகிரியில் என் அக்கா வீட்டு வாசலில் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அக்கா மகன் தன் காரைத் தாழ்த்த, அதாவது தரையிலிருந்து அதன் உயரத்தைக் குறைக்க, ஆன்லைனில் லோயரிங் ஸ்பிரிங் வரவழைத்து, நண்பன் ஒருவனோடு சேர்ந்து வீட்டிலேயே மாட்ட ஆரம்பித்துவிட்டான். முன்பக்கம் முடிந்து, பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்கியிருக்கிறார்கள். கேட்டால் ஹேண்ட்பிரேக் போட்டிருந்தோம் மாமா என்கிறான். பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பிடிப்பதே பின் சக்கரங்களைத்தான், அவை இரண்டும் அந்தரத்தில் இருந்தால் வண்டியை எது நிறுத்தும்? கியரிலும் விடவில்லை, முன் சக்கரத்துக்குக் கட்டையும் கொடுக்கவில்லை. வண்டி மெல்ல நகர்ந்து, ஜாக்கி சாய்ந்து, கீழே இருந்த தடுப்புச் சுவரில் போய் முட்டி நின்றது. அடியில் படுத்திருந்த பையன் அப்போதுதான் ஸ்பேனர் எடுக்க எழுந்து போயிருந்தான். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது.

சமவெளியில் எடுத்த வீடியோவைப் பார்த்து நம் பிள்ளைகள் இங்கே செய்கிறார்கள். நீலகிரியில் எத்தனை வீட்டுக்குச் சமதள வாசல் இருக்கிறது? சரிவில் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. சமமான கான்கிரீட் தரை, இரண்டு பக்கமும் வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, இதெல்லாம் இல்லையென்றால் அந்த வேலையைத் தொடாதீர்கள்.

முன்பக்க ஸ்ட்ரட், அதாவது ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகம், இதைவிட மோசம். அதில் ஸ்பிரிங் எப்போதும் அமுங்கிய நிலையில்தான் இருக்கிறது, மேலே இருக்கும் ஒரு நட்டுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான கம்ப்ரசரால் இறுக்காமல் அந்த நட்டைக் கழற்றினால் முகத்தில் பாயும். கம்ப்ரசரையும் எதிரெதிர்ப் பக்கம் இரண்டு மாட்டி, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித்தான் இறுக்க வேண்டும். இன்னும் சிலர் காசு மிச்சம் என்று இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டிவிடுகிறார்கள். சக்கரம் குழியில் இறங்கும்போது அந்த ஸ்பிரிங் தான் உட்காரும் இடத்தை விட்டே நழுவலாம். தயவுசெய்து வேண்டாம்.

மாட்டிய பிறகும் வேலை இருக்கிறது. ரப்பர் புஷ், அதாவது அதிர்வைத் தாங்கும் ரப்பர் உறை, உள்ள போல்ட்டுகளை வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே முழுதாக முறுக்க வேண்டும், தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழியும். அப்புறம் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம் இரண்டையும் சரிபார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது, எனவே ஸ்பிரிங் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால் நம் மலைக்குத் தாழ்த்திய காரே வேண்டாம். 36 கொண்டை ஊசி வளைவு உள்ள கல்லட்டி பாதையில், மழையில் உருண்டு வந்த கல் கிடக்கும்போது, 30 மி.மீ. குறைந்தாலே அடியில் தட்டும். ஆனால் வயசுப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், ஆசையைத் தடுக்க முடியாது.

அதனால் ஒரு வேண்டுகோள். நம் மாவட்ட ஐ.டி.ஐ. பட்டறைகளில் மாதம் ஒரு சனிக்கிழமை, ஸ்ட்ரட்டைப் பத்திரமாகக் கழற்றி மாட்டுவது எப்படி என்று இளைஞர்களுக்குச் செய்து காட்டினால் பெரிய உதவியாக இருக்கும். என் அக்கா மகனை முதல் ஆளாக நானே கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன், கோத்தகிரி