லெவன்வொர்த்தில் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் பயணப் பகுதியில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் லெவன்வொர்த் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமையாக இருந்தன. ஆனால் இரண்டு வரிகள் உறுத்தின. “ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள் உருவாக்கிய மலைக்கிராமம்” என்பது ஒன்று. “சியாட்டிலில் காலையில் கிளம்பினால் பார்த்து முடித்து இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம்” என்பது இன்னொன்று. நான் சியாட்டிலுக்குப் பக்கத்து ரெட்மண்டில் 11 வருடமாக இருக்கிறேன். அந்த ஊருக்கு நான்கு முறை போயிருக்கிறேன், அதில் மூன்று முறை அம்மாவோடு. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

லெவன்வொர்த்தை ஜெர்மானியர்கள் கட்டவில்லை. ஊர் தோன்றுவதற்கு முன்பே வெனாச்சி பழங்குடியினர் அங்கே ஓடும் ஆற்றின் கரையில் சால்மன் பிடித்து வாழ்ந்தவர்கள். அந்த மீன்பிடி உரிமையை 2010ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. ஊர் என்று எழும்பியது 1890களில், கிரேட் நார்தர்ன் ரயில்வே காஸ்கேட் மலைத்தொடரைத் தாண்டிப் பாதை போட்டபோது. ரயிலும் மர அறுவை ஆலையும்தான் அதற்குச் சோறு போட்டன. 1920களில் ரயில்வே தன் அலுவலகத்தைப் பக்கத்து வெனாச்சி நகருக்கு மாற்றிக்கொண்டது. தண்டவாளத்தையும் ஊரைவிட்டுத் தள்ளிப் போட்டார்கள். ஆலையும் மூடியது. அப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் அந்த ஊர் மெல்ல மெல்லத் தேய்ந்தது. கடைத்தெருவில் பூட்டிய கதவுகள்தான் மிச்சம்.

1962ல் ஊர்க்காரர்கள் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் துணையோடு ஒரு குழு அமைத்து, என்ன செய்தால் பிழைக்கலாம் என்று சேர்ந்து யோசித்தார்கள். உள்ளூர்ப் பெண்கள் சங்கத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. சியாட்டிலிலிருந்து வந்து நெடுஞ்சாலை ஓரம் ஓர் உணவகத்தை வாங்கி நடத்திய டெட் பிரைஸ், பாப் ராஜர்ஸ் என்ற இருவர், கலிஃபோர்னியாவில் டென்மார்க் பாணியில் இருக்கும் சோல்வாங் ஊரைப் பார்த்துவிட்டு வந்து, சுற்றிலும் ஆல்ப்ஸ் மாதிரி மலை நிற்கும் இந்த ஊருக்கு, ஜெர்மனியின் தென்பகுதியான பவேரியாவின் முகம் பொருந்தும் என்றார்கள். முதலில் மாறிய கட்டடங்களில் ஒன்று பழைய சிக்கமின் ஹோட்டல். 1965ல் அது எடல்வைஸ் ஹோட்டல் ஆனது. அதைச் செய்தவர் லாவெர்ன் பீட்டர்சன் என்ற உள்ளூர்ப் பெண்மணி. கடைக்காரர்கள் கைக்காசையும் வங்கிக் கடனையும் போட்டு ஒவ்வொரு கட்டடமாக மாற்றினார்கள். இன்று நகரசபைச் சட்டமே இருக்கிறது. பெட்ரோல் பங்க் ஆனாலும் பர்கர் கடை ஆனாலும் அந்தப் பாணியில்தான் முகப்பும் பெயர்ப்பலகையும் வைக்க வேண்டும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. “எல்லாம் செட்டிங்ஸ், போலி ஜெர்மனி” என்று எங்கள் நண்பர்கள் வட்டத்திலேயே பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். உங்கள் கட்டுரையை நம்பிப் போகிறவர், அங்கே யாரும் ஜெர்மன் பேசாததைப் பார்த்து ஏமாந்து அதையேதான் சொல்வார். ஆனால் நடந்த கதை தெரிந்தால் அந்த மர வேலைப்பாட்டைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். செத்துக்கொண்டிருந்த தங்கள் ஊரைக் கடன் வாங்கிக் காப்பாற்றிய சனங்கள் அவர்கள். எனக்கு அவர்கள் மேல் மிகுந்த மரியாதை.

இனி அந்த “ஒரே நாள்” விஷயம்.

நாங்களும் முதல் முறை அப்படித்தான் போனோம். டிசம்பர் மாதம், சனிக்கிழமை, காரில் நான் அம்மா கணவர் இரண்டு பிள்ளைகள். மன்றோ என்ற ஊரைத் தாண்டி 2ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறினால் பெரும்பாலும் இந்தப் பக்கம் ஒரு வண்டி, அந்தப் பக்கம் ஒரு வண்டி போகிற ஒற்றைத் தடம்தான். சியாட்டிலிலிருந்து 120 மைல்; சாதாரண நாளில் இரண்டரை மணி நேரம். அன்று நான்கு மணி நேரம் ஆனது. பார்க்கிங் தேடி இன்னும் முக்கால் மணி. 2020 கணக்கெடுப்பில் ஊரின் நிரந்தர மக்கள்தொகை 2,400 கூடக் கிடையாது. அந்தச் சின்னத் தெருவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பேர். அம்மா உட்கார ஒரு பெஞ்சு காலியில்லை. கழிப்பறைக்கு வரிசையில் நின்றதுதான் அவருக்கு நினைவில் நின்றது. விளக்குகள் எரிய ஆரம்பித்ததும் எல்லோரும் படம் எடுத்தார்கள், நாங்களும் எடுத்தோம், உடனே கிளம்பினோம். வீடு சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. அம்மா ஒன்றும் குறை சொல்லவில்லை. “கோயில் திருவிழாக் கூட்டம்தான், சாமி தரிசனம்தான் இல்லை” என்றார், அவ்வளவுதான்.

இரண்டாவது முறை தங்கினோம். அதிலும் ஒரு பாடம் படித்தோம். விடுதியின் பெயர் வேண்டாம். இணையத்தில் “இரண்டாவது தளம், மலைக்காட்சி” என்று பார்த்துப் பதிவு செய்தேன். அமெரிக்கக் கணக்கில் இரண்டாவது தளம் என்றால் நம் முதல் மாடி, அது எனக்குத் தெரியும். லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல் விட்டுவிட்டேன். அம்மாவுக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. போய் நின்றால், பழைய பாணியில் செங்குத்தான மரப்படி, 19 படிகள். கீழ்த்தள அறை ஒன்றுகூட இல்லை, பணமும் திரும்பி வராது என்று வரவேற்பில் சொல்லிவிட்டார்கள். அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று, மூச்சு வாங்கி ஏறினார். அறையைச் சுத்தம் செய்யும் ஒரு பெண்தான் தானாக வந்து பெட்டிகளை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பேச்சுக் கொடுத்தேன். அவர் தினமும் வெனாச்சியிலிருந்து வருகிறாராம், ஒரு வழிக்கே 20 மைலுக்கு மேல். இந்த ஊரில் வேலை உண்டு, வாடகைதான் கட்டுப்படியாகாது என்றார்.

இதனால்தான் வீடு எடுத்துத் தங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. “நான்கைந்து குடும்பம் சேர்ந்து ஊருக்குள் ஒரு வீடு எடுத்துக்கொள்ளலாம்” என்று கட்டுரையில் இருந்தது. நகர எல்லைக்குள் குடியிருப்புப் பகுதியில் வீட்டை 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட அனுமதி இல்லை. அங்கே வாழ்பவர்களுக்கு வீடு மிஞ்ச வேண்டுமே. அப்படிக் கிடைக்கும் வீடுகள் பெரும்பாலும் எல்லைக்கு வெளியே, பிளெய்ன் பக்கமோ வெனாச்சி ஏரிப் பக்கமோதான் இருக்கும். அங்கேயும் ஷெலான் மாவட்டத்தின் அனுமதி வேண்டும். பதிவு செய்வதற்கு முன் அனுமதி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வீட்டிலிருந்து கடைத்தெருவுக்குப் பனியில் இருட்டில் எத்தனை மைல் ஓட்ட வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது முறை சரியாக அமைந்தது. ஜனவரி கடைசியில், ஞாயிறு இரவும் திங்கள் இரவும். கிறிஸ்துமஸ் முடிந்தாலும் அந்த விளக்குகளை அவிழ்ப்பதில்லை, பிப்ரவரி வரை எரிகின்றன. சனிக்கிழமை வாடகையைவிட ஓர் இரவுக்கு நூறு டாலருக்கு மேல் குறைவு. இந்த முறை ஃபோன் செய்து லிஃப்ட், குளியலறையில் பிடிமானக் கம்பி, மின்கெட்டில், மைக்ரோவேவ் எல்லாம் கேட்டுக்கொண்டேன். என்ஸியன் இன் என்ற விடுதி. கட்டிலின் தலைப்பலகையில் சின்னச் சின்னப் பூக்கள் வரைந்திருந்தன. அம்மா அதை விரலால் தடவிப் பார்த்து, “அச்சு இல்லடி, கையாலதான் போட்டிருக்காங்க. இந்த இதழ்ல தூரிகை தடம் தெரியுது பார்” என்றார். நான் குனிந்து பார்த்தேன். ஓர் இதழ் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடித்து, முனையில் சாயம் திரண்டு நின்றது.

இரவு ஒன்பது மணிக்கு மேல் வெளியே போனோம். கடைகள் மூடியிருந்தன. ஃபிரண்ட் ஸ்ட்ரீட் பூங்காவில் அத்தனை விளக்கும் எரிகிறது, ஐந்தாறு பேர்தான் நடக்கிறார்கள். பூட்ஸ் அடியில் பனி நெறுநெறு என்று நசுங்குகிற சத்தம் கேட்டது. அம்மா பெஞ்சிலிருந்த பனியைக் கையுறையால் தள்ளிவிட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை உணவின்போது, பால்கனியில் ஒருவர் நின்று ஆல்ப்ஸ் கொம்பு வாசித்தார். ஆளைப்போல் இரண்டு மடங்கு நீளம், மரத்தாலானது, நுனி வளைந்து தரையைத் தொடுகிறது. மலைப்பக்கம் திரும்பி நின்று மெதுவாக ஊதினார். அம்மா இட்லிக்குப் பதில் கிடைத்த உருளைக்கிழங்கை அப்படியே வைத்துவிட்டுக் கண்ணாடிக் கதவருகே போய் நின்றார். “எக்காளம் மாதிரி இருக்கு. ஆனா அதுல இருக்கிற அதட்டல் இதுல இல்ல” என்றார். ஊருக்குத் திரும்பிய பிறகு சித்தியிடம் ஃபோனில் அவர் முதலில் சொன்னது விளக்குகளைப் பற்றி அல்ல, இந்தக் கொம்பைப் பற்றித்தான். பகலில் வந்து பகலில் போகிறவர்களுக்கு இது கிடைக்காது.

சைவச் சாப்பாடு பற்றி ஒரு வரி: தொத்திறைச்சிதான் அங்கே பிரதானம், பிரெட்ஸலும் கடுகு விழுதும், ஷ்பெட்ஸ்லே என்ற முட்டை சேர்த்த மாவுப் பண்டமும், உருளைக்கிழங்கும் கிடைக்கும். முட்டையும் சாப்பிடாதவர்கள் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போவது உத்தமம்.

ஒரே நாளில் திரும்புவது ஆபத்தும்கூட. நடுவில் இருக்கும் ஸ்டீவன்ஸ் பாஸ் என்ற மலைவழி 4,061 அடி உயரம். 2022 ஜனவரி முதல் வாரத்தில் லெவன்வொர்த்தில் ஏறக்குறைய ஒரே நாளில் மூன்று அடிக்கு மேல் பனி கொட்டியது. ஸ்டீவன்ஸ் பாஸ், புளூவிட் பாஸ், ஸ்னோக்வால்மி பாஸ் என்று எல்லா வழியும் மூடிவிட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் “நாளைக்கு ஆபீஸ் இருக்கு” என்று இரவோடு இரவாக வண்டியை எடுப்பவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. மாநில நெடுஞ்சாலைத் துறையின் மலைவழி அறிவிப்பைக் கிளம்பும் முன்பும் திரும்பும் முன்பும் பாருங்கள். டயர் சங்கிலி காரில் இருக்கட்டும், வீட்டு வாசலிலேயே ஒரு முறை மாட்டிப் பழகுங்கள். பனியில் ஓட்டத் தயங்குபவர்களுக்கு ஆம்ட்ராக்கின் எம்பயர் பில்டர் ரயில் இருக்கிறது. சியாட்டிலில் ஏறினால் அன்றே லெவன்வொர்த்தின் ஐசிகிள் ஸ்டேஷனில் இறங்கலாம். திரும்பும் வண்டி அதிகாலையில். எந்த ரயில் கைவிட்டதால் ஊர் நொடித்ததோ, தள்ளிப் போட்ட அந்தத் தடத்திலேயே 2009லிருந்து மறுபடி பயணிகள் வண்டி நிற்கிறது.

எனவே, ஊர் தோன்றிய விதம் பற்றிய அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இனி உங்கள் பயணப் பகுதியில் எந்த ஊர் விடுதியைப் பற்றி எழுதினாலும் லிஃப்ட் உண்டா, எத்தனை படி என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பெற்றோரை ஆறு மாதத்துக்கு அழைத்து வைத்திருக்கும் என்னைப் போன்ற எத்தனையோ குடும்பங்கள் வாரக் கடைசியில் எங்கே போகலாம் என்று உங்கள் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுகின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ரெட்மண்ட், வாஷிங்டன் மாநிலம்