அடையாறு முகத்துவாரத்தில் சாலை போடும் முன்: கடலோர மண்டல ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பட்டினப்பாக்கத்தையும் பெசன்ட் நகரையும் கடலோரமாகவே இணைத்துவிட வேண்டும் என்ற யோசனை சென்னையில் பல முறை செத்துப் பிழைத்துவிட்டது. ஒரு காலத்தில் அது கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை உயர்மட்டச் சாலை என்று வந்தது. மீனவ ஊர்கள் எதிர்த்தன, அடங்கியது. அப்புறம் அடையாற்று முகத்துவாரத்தில் உடைந்து கிடக்கும் பாலத்தைத் திரும்பக் கட்டி, பட்டினப்பாக்கம் வரை கடலோரமாக வரும் லூப் சாலையை நீட்டலாம் என்று வந்தது. 2025-இல் நீலாங்கரை வரை கடலை ஒட்டி மேம்பாலம் என்று செய்தி வந்தது. திட்டத்தின் பெயரும் நீளமும் மாறினாலும் நடுவில் இருக்கும் இடம் மாறவில்லை. அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரமும், வடகரையில் சீனிவாசபுரமும், தென்கரையில் ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும்தான் அந்த இடம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பெசன்ட் நகரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவன். இந்தச் சாலை வந்தால் எனக்கு லாபம்தான். மயிலாப்பூர் போக அடையாறு சிக்னலில் நிற்க வேண்டியதில்லை. அதனால் இந்த மடலை ‘வளர்ச்சிக்கு எதிரானவர்’ எழுதியது என்று ஒதுக்கிவிட வேண்டாம். சாலை வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல நான் வரவில்லை. எந்தக் கேள்வியை எப்போது கேட்பது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். தடம் முடிவான பிறகு நடக்கும் சுற்றுச்சூழல் ஆய்வு வெறும் சடங்கு. தடம் முடிவாகும் முன் அதை நடத்தவைக்கும் வாய்ப்பு, இந்த விஷயத்தில், கிட்டத்தட்ட உங்கள் ஒருவரிடம்தான் இருக்கிறது.

ஏன் உங்களிடம் என்றால், 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் நெடுஞ்சாலைகளுக்கு 7(எஃப்) என்று ஒரு பிரிவு இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைகளும் மாநில நெடுஞ்சாலைகளும்தான் அதில் வருகின்றன. மாநகராட்சி போடும் சாலைக்கு அங்கே இடமில்லை. சாலை விரிவாக்கம் என்றாலும், கூடுதலாக நிலம் எடுக்காதவற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு உண்டு. ஆக ஒரு நகரத்துச் சாலை, அது எவ்வளவு மென்மையான இடத்தில் போனாலும், அந்த அறிவிக்கையின் கண்ணில் படாமலே போய்விடலாம். மிஞ்சுவது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மட்டும். அந்தக் கதவுக்குக் காவல் நீங்கள்.

2019-ஆம் ஆண்டின் அந்த அறிவிக்கை கடலோரத்தை வகை பிரித்து, ஆமைகள் முட்டையிடும் இடங்களையும் சேற்றுப் பரப்புகளையும் அலையாத்திகளையும் முதல் வகையின் மிகக் கடுமையான உட்பிரிவில் வைத்திருக்கிறது. முதல் வகைப் பகுதியில் சாலையோ, தூண்கள் மேல் சாலையோ பாதுகாப்புத் துறை, கேந்திர முக்கியத்துவம், பொதுப் பயன்பாடு ஆகியவற்றுக்காக விதிவிலக்கான நேரங்களில் மட்டும் என்கிறது. அதுவும் உங்கள் பரிந்துரைக்குப் பிறகு, மத்திய அமைச்சகத்தின் ஒப்புதலோடு. ‘பொதுப் பயன்பாடு’ என்ற வார்த்தைக்குள் எதை வேண்டுமானாலும் நுழைத்துவிடலாம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பெசன்ட் நகர்க்காரன் பத்து நிமிடம் முன்னால் வீடு போய்ச் சேர்வது விதிவிலக்கான பொதுப் பயன்பாடா? அந்தப் பெசன்ட் நகர்க்காரனாக எனக்கே அதில் சந்தேகம் இருக்கிறது.

சரி, இந்தச் சாலை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள கணினி மாதிரியெல்லாம் தேவையில்லை. ஆற்றுக்கு வடக்கே ஏற்கனவே போட்டிருக்கும் துண்டைப் பார்த்தாலே போதும். லூப் சாலை நொச்சிக்குப்பம், டுமிங்குப்பம், முள்ளிக்குப்பம் வழியாகப் பட்டினப்பாக்கம் வரை போகிறது. வீடுகளுக்கும் மணலுக்கும் நடுவில் போகிறது என்பதுதான் அதன் முக்கியமான சங்கதி. காலையில் ஃபைபர் படகு கரையேறியதும் மீன் இறங்கும், அந்த வீட்டுப் பெண்கள் அங்கேயே உட்கார்ந்து விற்பார்கள். கடலிலிருந்து வாடிக்கையாளர் பை வரைக்கும் மீன் பயணப்படும் தூரம் சில நூறு அடி. ஐஸ் செலவு கிடையாது, வண்டிச் செலவு கிடையாது, இடைத்தரகர் கிடையாது. சென்னையில் இப்படி ஒரு வியாபாரம் இன்னும் நடப்பதே பெரிய விஷயம்.

சாலை வந்தபோது அது அந்த ஊர்ச் சாலையாகத்தான் இருந்தது. பிறகு சாந்தோம் நெடுஞ்சாலையின் நெரிசலுக்கு அது வடிகால் ஆனது. கார்கள் வந்தன. கார்கள் வந்ததும் மீன் விற்கும் பெண்கள் ‘போக்குவரத்துக்கு இடையூறு’ ஆனார்கள். 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதை வழக்காக எடுத்தது, மாநகராட்சி கடைகளை அகற்றியது, மீனவர்கள் படகுகளைச் சாலையில் கொண்டுவந்து நிறுத்தி மறியல் செய்தார்கள். 2024-இல் நொச்சிக்குப்பத்தில் நவீன மீன் அங்காடி திறந்தார்கள். அங்காடி நல்லதா கெட்டதா என்று விற்பவர்களைத்தான் கேட்க வேண்டும். என் கவனம் வேறு ஒன்றில். சாலைக்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே அங்கே இருந்தவர்கள், சாலை வந்த பிறகு ஆக்கிரமிப்பாளர்கள் என்று பெயர் வாங்கினார்கள். எந்தச் சுற்றுச்சூழல் அறிக்கையிலும் இந்தப் பாதிப்பை எழுத ஒரு கட்டம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. காற்றில் தூசு எவ்வளவு, இரைச்சல் எத்தனை டெசிபல், வெட்டப்படும் மரம் எத்தனை என்று கட்டங்கள் இருக்கும். ‘இந்தச் சாலை வந்தால் பத்து ஆண்டில் யார் யாருக்கு இடையூறாக மாறுவார்கள்’ என்று கேட்கும் கட்டம் இருக்காது. ஊரூர் குப்பத்திலும் வலை காய்வது, பழுது பார்ப்பது, படகு நிற்பது, மீன் விற்பது எல்லாமே மணலும் தெருவும் சேருகிற இடத்தில்தான். அங்கே சாலை வந்தால் நொச்சிக்குப்பத்துக் கதை திரும்பவும் நடக்காது என்று யாராவது எழுத்தில் தருவார்களா?

மீனவர்களுக்கு இது புதுப் பயமும் அல்ல. 1985-இல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று படகுகளை அகற்றப் போய், கடைசியில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கரையோர ஊர்களில் இதை இன்றும் மறக்கவில்லை.

அடுத்து ஆறு. 1967-இல் இதே முகத்துவாரத்தில் கட்டிய பாலம் பத்தே ஆண்டில், 1977-இல், நீரோட்டத்தில் இடிந்தது. அதன் மிச்சத்தில்தான் இன்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இப்போதைய பொறியியல் வேறு, ஆழ அடித்தளம் போட்டால் நிற்கும் என்பார்கள். நிற்கட்டும். பாலம் நிற்குமா என்பது பொறியாளரின் கேள்வி. பாலம் நிற்கும்போது ஆறு என்ன செய்யும் என்பதுதான் உங்கள் கேள்வி.

அடையாற்றின் வாய் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஆற்றில் நீர் குறைந்த மாதங்களில் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கிறது. நீர்வளத் துறை பொக்லைன் வைத்து வெட்டித் திறக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் தானே உடைத்துக்கொண்டு போகிறது. சென்னைக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகம் அதை மறித்ததால்தான் மெரினா இவ்வளவு அகலமானது, அதே காரணத்தால்தான் ராயபுரத்துப் பக்கம் கடல் கரையைத் தின்றது. சீனிவாசபுரத்தில் கடலுக்குப் பறிகொடுத்த வீடுகள் உண்டு. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து மட்டும் விநாடிக்கு 29,000 கன அடி என்று திறந்துவிட்டார்கள், வழியில் சேர்ந்தது அதைவிட அதிகம். அத்தனையும் வெளியேறியது இந்த ஒரே வாய் வழியாக. அங்கே தூண் நட்டால் மணல் எங்கே சேரும், வாய் எந்தப் பக்கம் நகரும், கட்டுமானக் காலத்தில் கிரேன் நிற்க ஆற்றுக்குள் கொட்டும் மண்ணை யார், எந்த மழைக்கு முன் எடுப்பார்கள்?

கடைசிக் கேள்வியைச் சும்மா கேட்கவில்லை. துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலையை நினைத்துப் பாருங்கள். 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள், 19 கி.மீ. நீளம். கூவத்துக்குள் தூண்கள் எழுந்த பிறகு, 2012-இல், ஆற்றின் ஓட்டத்தை மறிக்கிறது என்று மாநில அரசே வேலையை நிறுத்தியது. பத்து ஆண்டுகள் கழித்து, 2022-இல், ஈரடுக்குச் சாலையாக மறுபடி அடிக்கல். அந்தப் பத்து ஆண்டும் மொட்டைத் தூண்கள் கூவத்தில் நின்றன. அதில் அரசியல் இல்லையா என்றால் இருந்தது. ஆனாலும் ஆற்றுக்குள் தூண் வரலாமா என்பது தூண் நட்ட பிறகு எழ வேண்டிய சந்தேகமா?

பருவம் பற்றியும் சொல்ல வேண்டும். விரைவு மதிப்பீடு என்ற பெயரில் தயாராகும் அறிக்கைகளுக்கு ஒரே பருவத்தின் தரவு போதும், அதுவும் மழைக்காலம் தவிர்த்து. பல இடங்களுக்கு அது சரியாக இருக்கலாம். அடையாற்று முகத்துவாரத்துக்கு அது சுத்தமாகப் பொருந்தாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் அந்த ஆறு ஆறாக இருக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் கரையேறுகின்றன. மே மாதத்தில் மூன்று மாதத் தரவு எடுக்கத் தொடங்கும் ஒரு நிறுவனம் வெள்ளத்தையும் பார்க்காது, ஆமையையும் பார்க்காது. ஆனால் அறிக்கை முழுமையாக, வண்ணப் படங்களோடு இருக்கும்.

ஆமைகளைப் பொறுத்தவரை, 1980-களின் இறுதியிலிருந்து மாணவர்கள் இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். ‘முட்டையைத்தான் எடுத்துவிடுகிறார்களே, சாலை விளக்கால் என்ன பாதிப்பு’ என்று அறிக்கையில் ஒரு வரி வரக்கூடும். எடுத்து வைக்க வேண்டி வந்ததற்கே ஒரு காரணம் ஏற்கனவே இருக்கும் விளக்குகள்தான். குஞ்சுகள் கடல் என்று நினைத்து வெளிச்சத்தை நோக்கி நடக்கின்றன. தாய் ஆமையும் வெளிச்சமான கரையில் ஏறத் தயங்கும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது வலை, சாலை அல்ல. ஆனாலும் இவ்வளவு அடி வாங்கிய உயிரினத்தின் கரையில் விளக்குக் கம்பம் நடும் முன் கூடுதல் எச்சரிக்கை வேண்டாமா?

இதையெல்லாம் விடுங்கள், இந்தச் சாலையின் தேவையை யாராவது இன்று புதிதாகக் கணக்கிட்டார்களா? மாதவரம்–சிப்காட் மெட்ரோ தடம் மயிலாப்பூர், மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை வழியாக அடையாற்றுக்கு அடியில் சுரங்கமாகவே போய் அடையாறு, திருவான்மியூர் பக்கம் வருகிறது. ஆற்றைத் தாண்ட நகரம் ஏற்கனவே பெரும் பணம் போட்டுவிட்டது. அந்த ரயில் ஓடி, இணைப்புப் பேருந்துகளும் ஓடிய பிறகு கடலோரச் சாலைக்கு மிஞ்சும் தேவை எவ்வளவு? சென்னையின் போக்குவரத்தைத் திட்டமிடும் ஆணையமான கும்டாவிடம் இந்தக் கணக்கைக் கேட்டு வாங்க உங்களால் முடியும். ‘கட்டாமலே இருந்தால் என்ன ஆகும்’ என்ற அத்தியாயம் பெரும்பாலான அறிக்கைகளில் ஒரு பத்தியோடு முடிந்துவிடுகிறது. இங்கே அதைத்தான் முதல் அத்தியாயமாகக் கேளுங்கள்.

விண்ணப்பம் துண்டு துண்டாக வந்தாலும் ஏற்காதீர்கள். முதலில் பாலம் மட்டும், அப்புறம் இணைப்புச் சாலை, அப்புறம் ‘நடைபாதை மேம்பாடு’ என்று வரும்போது ஒவ்வொன்றும் சின்னதாகத்தான் தெரியும். பாலம் எழுந்துவிட்டால் இரு பக்கமும் சாலையை மறுக்க உங்களாலும் முடியாது. கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே எதுவரை போக நினைக்கிறார்களோ அதுவரை ஒரே விண்ணப்பம், ஒரே ஆய்வு, பருவமழையும் ஆமைக் காலமும் அடங்கிய முழு ஆண்டுத் தரவு. அதற்குக் குறைவாக எது வந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

அதற்கும் முன்னால் வரைபடம். மீனவ ஊர்களின் எல்லையும், படகுத் துறை, வலை காயும் இடம், மீன் உலர்த்தும் இடம் போன்ற பொதுவிடங்களும் கடலோர மேலாண்மைத் திட்டத்தில் குறிக்கப்பட வேண்டும் என்பது அறிவிக்கையே சொல்வது. 2023-இல் வரைவு வரைபடங்களுக்குக் கருத்துக் கேட்டபோது கடலோர மாவட்டங்களிலிருந்து வந்த புகார்களில் ஒன்று ‘எங்கள் ஊர் இதில் இல்லை’ என்பது. வரைபடத்தில் இல்லாத ஊருக்குச் சாலையால் பாதிப்பு இல்லை என்று எழுதுவது ரொம்பச் சுலபம். மாவட்ட அளவிலான குழுவில் மீனவர் உள்ளிட்ட கடலோரச் சமூகங்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அவர்களை ஊர்ப் பஞ்சாயத்தாரோடு உட்காரவைத்து வரைபடத்தை முடியுங்கள். கச்சான் காற்று எப்போது, கொண்டல் காற்று எப்போது, எந்தக் காற்றில் ஆற்றுவாய் அடைபடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவை வாங்க டெண்டர் விடத் தேவையில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டம் இந்தச் சாலைக்குச் சட்டப்படி கட்டாயமில்லை என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது குறிப்பு எழுதலாம். வைக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வைப்பதானால், அறிக்கை முழுவதையும், சுருக்கத்தை மட்டுமல்ல, தமிழில் ஒரு மாதம் முன்பே ஊரூர் குப்பத்திலும் சீனிவாசபுரத்திலும் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தை நகரத்தின் நடுவில் குளிர்சாதன அரங்கில் வைக்க வேண்டாம், குப்பத்திலேயே வையுங்கள். நேரம் காலை பதினொன்று என்று போட்டுவிடாதீர்கள், அது மீன் விற்கிற நேரம். மாலை ஐந்து மணிக்கு மேல் என்றால் பெண்களும் வருவார்கள், நாங்களும் வேலை முடித்து வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
பெசன்ட் நகர்வாசி ஒருவர்