சாமி படங்களைக் கழற்றி வைத்த மகனுக்கு

திருவதிகை,
மாசி மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் "சரி அம்மா, சரி அம்மா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். பாதியில் அலுப்புத் தட்டினால் மடித்து வைத்துவிட்டு மறுநாள் படி.

பூஜை அலமாரியில் இருந்த படங்களை எல்லாம் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டதாகச் சொன்னாய். இனி விபூதி, குங்குமம் எதுவும் அனுப்ப வேண்டாம் என்றாய். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தாய் போலிருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. ஏழு மாதம் சுமந்த பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் விளக்கு ஏற்றக் கை வரவில்லை என்றால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். துக்கம் கேட்க வந்த நம் உறவுக்காரர் ஒருவர், என் மருமகளிடம் "முன்வினை, அனுபவித்துத்தான் தீர வேண்டும்" என்று சொன்னாராம். பேர் சொல்ல வேண்டாம், உனக்கே தெரியும். காசு பணம் செலவில்லாமல் கொடுக்கக் கிடைப்பது இந்த ஒரு வார்த்தைதான், அதனால் எல்லோரும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதை அவள் மனத்தில் வேர் விடாமல் பார்த்துக்கொள்வது உன் வேலை. நம் ஊர்க் கோயிலில் அப்பர் பாடிய முதல் பதிகத்தை நினைத்துப் பார். சூலை நோயில் குடல் முறுக்கிக்கொண்டு துடித்தபோது பாடியது. "கூற்றாயினவாறு விலக்ககிலீர், கொடுமைபல செய்தன நான் அறியேன்" என்றுதான் தொடங்குகிறது. நான் என்ன கொடுமை செய்தேன், எனக்குத் தெரியவில்லையே என்கிறார். அவர் கேட்டதற்குப் பதிலாக இன்ன பாவம், இன்ன தண்டனை என்று யாரும் கணக்கு எடுத்து வாசிக்கவில்லை. வலி நின்றது. அவ்வளவுதான்.

சின்ன வயதில் அந்தப் பதிகத்தை எங்களுக்கு ராகத்தோடு சொல்லிக்கொடுத்தார்கள். பரிசுக்காகப் பாடியிருக்கிறேன். அது ஒரு வயிற்று வலிக்காரனின் அலறல் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

ஆனால் இங்கேயே பிறந்து இங்கேயே வாழ்க்கைப்பட்ட எனக்கு அப்பரைவிட அவருடைய அக்காதான் நெருக்கம். ஆண்கள் மேடையேறினால் அப்பர் பெருமையைப் பேசி முடிக்கவே நேரம் போதாது, திலகவதியாருக்கு இரண்டு வரி. யோசித்துப் பார், அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது? இதோ பக்கத்துத் திருவாமூரில் பிறந்தவள். அப்பா போய்ச் சேர்ந்தார், பின்னாலேயே அம்மா. நிச்சயித்த மாப்பிள்ளை கலிப்பகையார் போருக்குப் போன இடத்தில் செத்தார். இனி எதற்கு உயிர் என்று அவளும் போகத் துணிந்தபோது தம்பி காலில் விழுந்தான், "நீ போனால் உனக்கு முன்னால் நான் போவேன்" என்று. அந்தப் பையனுக்காக இருந்தாள். அந்தப் பையனும் என்ன செய்தான்? இத்தனை சாவைப் பார்த்தவனுக்கு நிலையாமை உறைத்தது, விடை தேடி சமண மடத்துக்குப் போனான், தருமசேனர் என்று பெரிய பேர் வாங்கினான். இவள் தனியாக நின்றாள்.

அப்புறம் திருவதிகைக்கு வந்தாள். தினமும் இருட்டோடு எழுந்து கோயிலைப் பெருக்கினாள், சாணம் போட்டு மெழுகினாள், பூக்கட்டினாள். பதிகம் எதுவும் அவள் பேரில் இல்லை. வருடக்கணக்கில் ஒரு விளக்குமாறும் ஒரு தண்ணீர்க் குடமும்தான். தம்பி நோயோடு இருட்டில் ஒளிந்து வந்து வாசலில் விழுந்தபோது, எங்கே போனாய், ஏன் போனாய் என்று அவள் விசாரித்ததாக நான் படித்ததில்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தாள். விடியுமுன் அலகும் மெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, வழக்கமான வேலைக்குப் போகிற மாதிரி, அவனையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். விளக்குமாறு, சாணம், தண்ணீர்ச் சட்டி! தமிழ் தேவாரம் கேட்ட மிகப் பெரிய காலை ஒன்றில் அவள் கையில் இருந்தது இதுதான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று கேட்பாய். நான் அவளைப் பார்த்துப் படித்தது ஒன்று உண்டு, அதற்காக.

தானே புயல் உனக்கு நினைவிருக்கும். 2011 டிசம்பர் 30. நீ அப்போது விடுதியில் இருந்து படித்துக்கொண்டிருந்தாய், நான்கு நாள் கழித்து வந்து பார்த்தாய். உன் தாத்தா விதை போட்டு வளர்த்த முந்திரி, அதற்கும் முந்தைய தலைமுறை வைத்த பலா, எல்லாம் வேரோடு ஒரே திசை பார்த்துப் படுத்திருந்தன. பண்ருட்டிச் சுற்றுவட்டாரம் முழுக்க அதே கதைதான், நமக்கு மட்டும் வந்த துன்பமில்லை. ஆனால் ஊரோடு சேர்ந்து அழுதால் நம் பங்கு குறைந்துவிடாது. விறகு வியாபாரி கேட்ட விலைக்கு மரத்தைக் கொடுத்தோம். அந்த வருடம் அப்பா கடன்காரருக்குப் பதில் சொல்ல, நான் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு அடுத்தவர் வீட்டில் கூலிக்கு முந்திரிக்கொட்டை உடைத்தேன். நீ கேட்டபோது சும்மா பொழுதுபோக்கு என்று சொன்னது அதைத்தான்.

அந்தத் தை மாதம் நான் கோயில் பக்கம் போகவில்லை. "முப்புரத்தை எரித்தவர்தானே, என் தோப்பு எம்மாத்திரம்!" என்று நடு வாசலில் நின்று வாய்விட்டே சொன்னேன். உன் அப்பா பயந்துபோய்க் கதவைச் சாத்தினார், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்றா, நம் ஊர்ச் சிவன் வீரட்டானேசுவரருக்குக் கேட்டுவிடும் என்றா தெரியாது. எனக்குப் பயமில்லை. சுந்தரர் பறிபோன கண்களில் ஒன்று மட்டும் திரும்பி வந்தபோது திருவாரூரில் நின்றுகொண்டு, "மற்றைக் கண்தான் தாராது ஒழிந்தால் வாழ்ந்து போதீரே" என்று கேட்டாரே. நீர் நன்றாக இரும் ஐயா என்று அந்தச் சாமியை ஏசியதையும் தேவாரம் என்று சேர்த்துத்தானே வைத்திருக்கிறார்கள்! ஏசியவரைக் கோயிலை விட்டுத் தள்ளவில்லை.

சித்திரைச் சதயம் அப்பர் குருபூஜை. அதற்கு முன்னால் உழவாரப் பணி, அதாவது கோயிலில் புல் செதுக்கிச் சுத்தம் செய்கிற வேலை, அதற்கு ஆள் சேர்த்தார்கள். எதிர்வீட்டு அக்கா வந்து கூப்பிட்டாள். "நான் சாமி கும்பிட வரவில்லை, புல் பிடுங்கத்தான் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். சன்னிதிக்குள் கால் வைக்கவில்லை. பிராகாரத்தில் உட்கார்ந்து கோரையைப் பிடுங்கினேன். கோரைக்கு அடியில் கிழங்கு இருக்கும், மேலே இழுத்தால் அறுந்து கையோடு வந்துவிடும், கிழங்கு மண்ணில் தங்கிவிடும். அதைக் கொத்தி எடுக்க வேண்டும். ஒவ்வொரு கிழங்குக்கும் ஒரு கேள்வி கேட்டேன். ஏன் எங்கள் தோப்பு? பிள்ளை படிப்புக்கு என்ன வழி? நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து, வெகுநாளுக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன்.

மறுவாரமும் போனேன். கேள்வி தீர்ந்துவிடவில்லை, ஆனால் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார் என்ற எண்ணம் எப்போது திரும்பி வந்தது என்று எனக்கே தெரியாது. விருத்தாசலத்திலிருந்து ஒட்டுக்கன்று வாங்கி நட்டதும் அந்தச் சமயத்தில்தான். விதைக் கன்று போல ஒட்டுக்கன்று வருடக்கணக்கில் காக்க வைக்காது, மூன்றாம் வருடமே கொட்டை கண்ணில் படும். பலாவை நட உன் அப்பாவுக்கு மனமே வரவில்லை, நான் காய்ப்பதற்குள் இருப்பேனா என்றார். நட்டது நான். அவர் கணக்குத்தான் சரியாகப் போயிற்று.

அவர் போன அன்று ஒன்றைக் கவனித்தேன். தோப்பு போனபோது "ஏன்" என்று கேட்ட வாய், இவர் போனபோது அதைக் கேட்கவில்லை. "இங்கேயே இரு, எங்கும் போய்விடாதே" என்றுதான் சொன்னேன், சாமியிடம். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. துக்கம் குறைவாக இருந்தது என்று நினைத்துவிடாதே. தோப்பையும் உன் அப்பாவையும் ஒன்றாக வைப்பேனா? இடையில் இருந்த வருடங்களில் என்னை அறியாமல் ஏதோ ஊறியிருந்தது.

சோதனை கொடுத்துத்தான் சாமி பக்தியை வளர்க்கிறார் என்று சொற்பொழிவில் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சு ஆகாது. எனக்குப் பக்தி வரவேண்டும் என்பதற்காக மாவட்டம் முழுக்க மரத்தைச் சாய்ப்பாரா? உனக்குப் பாடம் நடத்த ஒரு பச்சைப் பிள்ளையை எடுப்பாரா? அப்படி ஒரு சாமி இருந்தால் நானும் உன்னோடு சேர்ந்து படத்தைக் கழற்றுவேன். புயல் புயலாக வந்தது. மருத்துவர் சொன்ன காரணம் மருத்துவக் காரணம்தான், அதற்கு மேல் நீ அதில் எதையும் தேடாதே. அது நடந்த பிறகு யாரிடம் போய் நிற்கிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

அப்பரையே எடுத்துக்கொள். சூலையில் அலறிய அதே மனிதரைப் பிற்பாடு, சமணத்தை விட்டு வந்ததற்காக, பல்லவ ராஜாவின் ஆட்கள் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்தார்கள். உள்ளே இருந்துகொண்டு வீணையையும் மாலை நிலாவையும் வீசுகிற தென்றலையும் பாடினார். கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள். "கற்றுணைப் பூட்டியோர் கடலில் பாய்ச்சினும்" என்று பாடிக்கொண்டே மிதந்து திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்பது புராணம். கடலூரில் இன்றைக்கும் கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊர் இருக்கிறதே, நீ பஸ்ஸில் போகும்போது பெயர்ப் பலகையைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய். அங்கே அவர் பாடியது எப்படித் தொடங்குகிறது தெரியுமா? "ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய் உடன்தோன்றினராய்." பெற்ற தாய், தகப்பன், கூடப் பிறந்தவர். தாயும் தகப்பனும் சின்ன வயதிலேயே போய்விட்ட பையன் அவர், அக்கா ஒருத்தி கையில் வளர்ந்தவர். எது எது இல்லாமல் போனதோ, எது மிச்சமிருந்ததோ அதையெல்லாம் சேர்த்துத்தான் தன் சாமிக்குப் பேர் வைத்திருக்கிறார். தத்துவம் படித்த தருமசேனரின் வாயிலிருந்து வந்தது அக்காவும் அம்மாவும்தான். நான் இதை எத்தனையோ தடவை பாடியும், உன் அப்பாவின் கருமாதிக்கு மறுநாள்தான் என் காதில் விழுந்தது.

உன் பெட்டியைப் பிரி என்று நான் சொல்லவில்லை. பிரிக்கும்போது நீயாகவே பிரி, இல்லாவிட்டால் அப்படியே இருக்கட்டும். கோபம் இருக்கும்வரை சண்டை போடு, சத்தமாகவே போடு. ஊமையாகிவிடாதே, அதுதான் எனக்குப் பயம். பிறந்ததிலிருந்து உனக்கு அந்த வழக்கம் உண்டு, அடி பட்டால் மூலையில் போய் உட்கார்ந்துகொள்வாய்.

இப்போது கைக்கு வேலை. என் மருமகளுக்குப் பால் கட்டியிருக்கும். பிள்ளை இல்லை என்பது உடம்புக்குத் தெரியாது, தம்பி. வெட்கப்பட்டுக்கொண்டு உன்னிடம் சொல்லமாட்டாள், நீதான் கேட்டு, பெண் மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். காய்ச்சல் வரும்வரை விடாதே. ராத்திரி அவள் விழித்திருந்தால் நீயும் விழித்திரு. பேச வேண்டும் என்பதில்லை, தலையை வாரிவிடு, காலைப் பிடித்துவிடு. அவள் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சை மாற்றாதே. எனக்கும் உனக்கு முன்னால் ஒன்று தங்கவில்லை என்பதை அவளிடம் சொல். நான் வந்ததும் மீதியை நானே சொல்கிறேன்.

திலகவதியாருக்குக் கோயில் வாசல் இருந்தது, உனக்கு இப்போதைக்கு அந்தப் படுக்கையறை இருக்கிறது. நான் இதைப் பக்தி என்று சொன்னால் நீ சண்டைக்கு வருவாய், அதனால் சொல்லவில்லை.

தோப்பில் முந்திரி நன்றாகப் பூத்திருக்கிறது. பனி அதிகமாக இருப்பதால் பூ கருகாமல் இருக்க வேண்டும். கொட்டை பொறுக்க ஆள் சொல்லி வைத்துவிட்டால் நான் கிளம்பிவிடலாம், எதிர்வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பங்குனி பிறந்ததும் சென்னையிலிருந்து புனேவுக்கு டிக்கெட் போடு. கீழ் பெர்த்தாகப் பார், என் முழங்காலுக்கு மேலே ஏறுகிற தெம்பு இல்லை. திரும்பி வரும் டிக்கெட்டை இப்போது போட வேண்டாம். சமையல் என் பொறுப்பு என்று மருமகளிடம் சொல்லிவிடு. நல்லெண்ணெயும் மலைப்பூண்டும் அங்கே நல்லதாகக் கிடைக்கிறதா என்று விசாரித்து எழுது, கிடைக்காவிட்டால் இங்கிருந்தே கட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அம்மா