முந்திக்கொள்ளும் ஃபிளாஷ்

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்லேவ் ஃபிளாஷ் (கேமரா ஃபிளாஷின் வெளிச்சத்தைக் கண்டு தானும் அடிக்கும் தனி ஃபிளாஷ்) கண்ணெதிரே பளிச்சென்று அடிக்கிறது, ஆனால் படத்தில் அதன் வெளிச்சம் துளிகூட இல்லை என்று எழுதியிருக்கிறாய். ஃபிளாஷ் பழுதாகவில்லை, கடைக்கு ஓடாதே.

உன் கேமராவின் ஃபிளாஷ் டிடிஎல்-இல், அதாவது ஃபிளாஷின் பவரை கேமராவே அளந்து முடிவு செய்யும் முறையில், இருக்கிறது. அந்த முறையில் அது முதலில் லேசாக ஒரு தடவை அடிக்கும். திரும்பி வரும் ஒளியை கேமரா அளந்துகொண்ட பிறகுதான் ஷட்டர் திறந்து நிஜமான ஃபிளாஷ் அடிக்கும். இடைவெளி மிகவும் சிறியது என்பதால் நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஸ்லேவோ வெளிச்சம் கண்டதும் அடிக்கிற ஜென்மம். அந்த முதல் மினுக்கலுக்கே தன்னிடம் இருந்ததையெல்லாம் கொட்டிவிடுகிறது. ஷட்டர் திறக்கும்போது அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

அதனால் கேமரா ஃபிளாஷை மேனுவலுக்கு, அதாவது பவரை நாமே வைக்கும் முறைக்கு, மாற்று. பவரை 1/64 போல ஆகக் குறைவாக வை. ஸ்லேவை எழுப்பினால் போதும், முகத்தில் அடிக்க வேண்டாம். ரெட் ஐ (ஃபிளாஷில் கண் சிவப்பாகத் தெரிவது) குறைக்கும் வசதியையும் அணைத்துவிடு, அதுவும் முன்கூட்டியே மினுக்கும். ஸ்லேவில் எஸ்1, எஸ்2 என்று இருந்தால் எஸ்1 போதும். எஸ்2 முன் மினுக்கலைக் கண்டுகொள்ளாமல் விடும், கேமராவில் மேனுவலே இல்லாதவர்களுக்கு அது உதவும். உனக்கு வேண்டாம். ஏனென்றால் எஸ்2-ஐ நம்பி டிடிஎல்-இலேயே விட்டால் கேமரா ஃபிளாஷின் பவர் படத்துக்குப் படம் மாறிக்கொண்டே இருக்கும், எதையும் கணக்கு வைக்க முடியாது.

அப்புறம் எக்ஸ்போஷர், அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு. கேமராவும் மேனுவலில் இருக்கட்டும், ஐஎஸ்ஓ-வை (ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறன்) ஆட்டோவில் வைக்கக் கூடாது. ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/160 நொடி, அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/8 வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் அறைக்குள் ஒரு படம் எடு. கிட்டத்தட்ட கறுப்பாக வர வேண்டும். வந்தால், இனி படத்தில் விழும் வெளிச்சமெல்லாம் நீ கொடுப்பதுதான்.

நீ ஷட்டரைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறாய். ஃபிளாஷ் கண்ணிமைக்கும் நேரத்தைவிட வேகமாக அடித்து முடிந்துவிடும், ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தாலும் அந்த ஒளி அதிகமாகாது. அதிகமாவது அறை வெளிச்சம் மட்டும்தான். எதிர்ப்பக்கம் போய் 1/500 வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். உன்னுடைய கடைசிப் படத்தில் கீழே தெரிவது அதுதான். ஃபிளாஷோடு எடுக்கும்போது பெரும்பாலான கேமராக்களுக்கு 1/200 அல்லது 1/250 வரைதான் ஷட்டரின் எல்லை.

ஃபிளாஷ் ஒளியை அபர்ச்சர், ஐஎஸ்ஓ, பவர், தூரம் இந்த நான்கால்தான் கட்டுப்படுத்த முடியும். கைடு நம்பரை (ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண்) தூரத்தால் வகுத்தால் அபர்ச்சர் கிடைக்கும். ஐஎஸ்ஓ 100-இல் மீட்டர் கணக்கில் 32 என்றால், முழு பவரில் 4 மீட்டருக்கு எஃப்/8. ஃபிளாஷை 2 மீட்டருக்குக் கொண்டுவந்தால் ஒளி நான்கு மடங்காகும், அதே எஃப்/8-க்கு 1/4 பவர் போதும். ஆனால் பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணை அப்படியே நம்பாதே. பல சமயம் ஃபிளாஷ் தலையை முழுக்க ஜூம் செய்து அளந்த எண் அது. ஒளியைப் பரப்பும் குடை வைத்தால் இன்னும் குறையும். கணக்குப் போட்டுத் தொடங்கு, ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பார்த்துத் திருத்து.

வெயிலில் ஸ்லேவின் சென்சாருக்குக் கேமரா ஃபிளாஷ் சரியாகத் தெரியாது, பக்கத்தில் வேறு யாராவது ஃபிளாஷ் அடித்தால் அதற்கும் அடித்துவிடும். அங்கெல்லாம் வெளிச்சத்துக்குப் பதில் ரேடியோ அலையால் ஃபிளாஷை அடிக்க வைக்கும் ரேடியோ டிரிகர்தான் சரி.

அடுத்த படங்களை அனுப்பும்போது ஸ்லேவ் எவ்வளவு தூரத்தில் இருந்தது, எத்தனை பவர் என்று எழுதி அனுப்பு. கேமரா அதைப் பதிவு செய்யாது.

அம்மா