எந்தச் சுண்டெலி என்று சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

டவுன் சிண்ட்ரோம் பற்றியும் சுண்டெலி ஆய்வு பற்றியும் உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம், வயது 43. கட்டுரை வந்த அன்றே உறவினர்கள் மூன்று பேர் போன் செய்து, "இனிமேல் சரியாகிவிடுமாமே" என்று கேட்டார்கள். தலைப்பில் இருந்த 'தீர்வு' என்ற ஒரு சொல்தான் காரணம்.

எந்த வகைச் சுண்டெலியில் ஆய்வு நடந்தது என்று கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை. டவுன் சிண்ட்ரோம் என்பது 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று பிரதிகளாக இருப்பதால் வருவது. நம்முடைய 21-ஆவது குரோமோசோமில் இருக்கும் மரபணுக்கள் சுண்டெலியில் 16, 17, 10 என மூன்று குரோமோசோம்களில் பிரிந்து கிடக்கின்றன. ஆய்வுகளில் வெகுகாலமாகப் பயன்பட்டுவரும் 'டிஎஸ்65டிஎன்' சுண்டெலியில் அவற்றில் பாதியளவுக்குத்தான் மூன்றாவது பிரதி உண்டு. போதாததற்கு, டவுன் சிண்ட்ரோமுக்குச் சம்பந்தமில்லாத வேறு பல மரபணுக்களும் அதில் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

2013-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வகைக் குட்டிகளுக்குப் பிறந்த அன்றே ஒரே ஒரு ஊசி போட்டார்கள். இந்த வகையில் வழக்கமாகச் சிறுத்திருக்கும் சிறுமூளை, வளர்ந்தபின் இயல்பான அளவில் இருந்தது. பெரிய விஷயம்தான். ஆனால் மருந்து போனது பிறந்த நாளில். மூளையில் நரம்பணுக்களின் செயலை அடக்கும் தடுப்புச் சமிக்ஞை மிகுதி என்று இதே சுண்டெலிகளில் கண்டதை நம்பி, ரோஷ் மருந்து நிறுவனம் பாஸ்மிசனில் என்ற மருந்தை மனிதர்களிடம் சோதித்தது; பலன் தெரியவில்லை என்று 2016-இல் நிறுத்திவிட்டது. இதையும் வாசகர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

எலி ஆய்வே வீண் என்று நான் சொல்லவரவில்லை. எனக்கு அது வேண்டும், வேறு காரணத்துக்காக. சென்ற வருடம் வரை தம்பி தன் சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டுக்கொள்வான். இப்போது மூன்றாவது பொத்தானில் நின்றுவிடுகிறான். கொஞ்ச நேரம் விரல்களையே பார்த்துவிட்டு "அக்கா" என்று கூப்பிடுகிறான். நினைவை அழிக்கும் அல்சைமர் நோயுடன் தொடர்புடைய ஏபிபி மரபணு 21-ஆவது குரோமோசோமில்தான் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள அநேகமாக எல்லோருக்கும் 40 வயதுக்குள் மூளையில் அந்த நோயின் அடையாளமான அமிலாய்டு என்ற புரதம் படிந்துவிடுகிறது. டிஎஸ்65டிஎன் சுண்டெலிக்கு அந்தப் படிவு வருவதில்லை. ஆனாலும் வயதாக ஆக, நினைவுக்கு உதவும் சில நரம்பணுக்கள் அதற்கும் சுருங்குகின்றன. ஏபிபி பிரதிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தால் அந்தச் சுருக்கம் வெகுவாகத் தடுக்கப்படுகிறது என்று 2006-இல் காட்டினார்கள். அத்தனை மரபணுக்களில் எதைக் கவனிக்க வேண்டும் என்று விரல் நீட்டிக் காட்டியது அந்தச் சிறு உயிர். இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

அடுத்த முறை எழுதும்போது எந்தச் சுண்டெலி, எந்த வயதில் மருந்து கொடுத்தார்கள் என்ற இரண்டையும் முதல் பத்தியிலேயே போடுங்கள். நாற்பதைக் கடந்தவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி