2024–25 ஆண்டறிக்கை: வேண்டாத ஹெடர்களை நீக்கிய பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

புதுச்சேரி, கடலூர் உறுப்பினர்கள் சேர்ந்து பராமரித்துவரும் மழைமானித் தரவுச் சேகரிப்பு நிரலில், சி மொழிக் கோப்புகளில் சும்மா கிடந்த ஹெடர்களை (மற்றக் கோப்புகள் ‘#இன்க்லூட்’ வரியால் உள்ளே இழுத்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்புகளை) களைந்ததே இவ்வாண்டின் முக்கிய வேலை. மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததால் டிசம்பர் கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. வரவுசெலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இதற்கு இத்தனை மெனக்கெட வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். ஒரு ஹெடரைத் தொட்டால் அதை இழுக்கும் கோப்புகள் அத்தனையும் மறுபடி கம்பைல் ஆகும், அதாவது இயந்திர மொழிக்கு மாறும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியிலேயே பில்டு (முழு நிரலையும் கம்பைல் செய்து கட்டுதல்) செய்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் இதே நோக்கத்தோடு அதன் நிரலாளர் இங்கோ மோல்னார் 2022 ஜனவரியில் 2,200-க்கு மேற்பட்ட பேட்ச்களை (திருத்தங்களை) முன்வைத்தார். பில்டு வேகம் 50 முதல் 80 சதவீதம் கூடும் என்பது அவர் தந்த கணக்கு.

களைவதற்கு முன்பு, ஒவ்வொரு சி கோப்பிலும் அதன் சொந்த ஹெடரை முதல் இன்க்லூடாக ஏற்றினோம். அந்த ஹெடர் வேறொன்றை நம்பி நின்றால் அங்கேயே பிழை வந்துவிடும். பிறகு ஜிசிசி என்ற கம்பைலரின் ‘-எச்’ ஆப்ஷன். எது எதை இழுக்கிறது என்பதைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் ஆழம் காட்டி அச்சிடும்; இன்க்லூட் கார்டு (ஒரே ஹெடர் இருமுறை ஏறாமல் தடுக்கும் வரிகள்) இல்லாத ஹெடர்களையும் கடைசியில் பட்டியலிடும். ஸ்ட்ரக்ட் எனும் தரவுத் தொகுப்பின் பாயிண்டர் (முகவரி) மட்டும் வரும் இடங்களில் ஹெடரை எடுத்துவிட்டு, அப்படி ஒரு ஸ்ட்ரக்ட் உண்டு என்ற முன்னறிவிப்பு ஒரு வரி போட்டால் போதும். அதன் உறுப்பைத் தொட்டாலோ, ‘சைஸ்ஆஃப்’ என்று அளவைக் கேட்டாலோ முழு வரையறை வேண்டும்.

வேண்டாத ஹெடர்களைச் சுட்டிக்காட்டும் ‘இன்க்லூட் வாட் யூ யூஸ்’ கருவி சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து. அது பார்ப்பது ஒரே ஒரு கான்ஃபிகரேஷனை (பில்டு அமைப்பை). ‘இஃப்டெஃப்’ (ஒரு பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால் மட்டும்) நிபந்தனைக்குள் அணைந்து கிடக்கும் பகுதிக்கு வேண்டிய ஹெடரையும் வேண்டாதது என்றே சொல்லும்.

கம்பைல் ஆகிவிட்டது என்பதை நம்பி இந்த வேலையில் இறங்கவே கூடாது. பில்டு அமைப்புகளை வரையறுக்கும் கான்ஃபிக் ஹெடரை நீக்கிப் பாருங்கள்: பிழை ஒன்றும் வராது, ‘இஃப்டெஃப்’ பகுதி சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். வரையறுக்கப்படாத பெயரைச் சுட்டும் ‘-டபிள்யூஅண்டெஃப்’ எச்சரிக்கை ‘#இஃப்’ வரிகளைத்தான் பிடிக்கும், ‘#இஃப்டெஃப்’பை விட்டுவிடும். நம் நிரலில் ‘_ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ்’ 64 என்ற வரையறை அந்த ஹெடரில்தான் இருந்தது. அது விட்டுப்போன கோப்பில், 32 பிட் கணினிப் பலகையில், கோப்பில் உள்ள இடத்தைக் குறிக்கும் ‘ஆஃப்_டி’ வகை 8 பைட்டுக்குப் பதில் 4 பைட் ஆகிறது. அது உள்ள ஒரே ஸ்ட்ரக்ட் இரு கோப்புகளில் இரு அளவில் அமைகிறது, கம்பைல் ஆன கோப்புகளை இணைக்கும் லிங்கர் வாய் திறப்பதில்லை. 2 ஜிபியைத் தாண்டிய பதிவுக் கோப்பும் திறக்காது. 64 பிட் மடிக்கணினியில் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது. எனவே அந்த ஹெடரை பில்டு கட்டளைகள் உள்ள மேக்ஃபைலில் ‘-இன்க்லூட்’ வழியாக எல்லாக் கோப்புக்கும் முதலில் ஏற்றும்படி மாற்றியுள்ளோம்.

ஹெடர் விட்டுப்போனதால் அறிவிப்பு இல்லாமல் அழைக்கும் ஃபங்ஷனை 2024-இல் வந்த ஜிசிசி 14 பிழையாகவே நிறுத்துகிறது. பழைய பதிப்புகள் எச்சரித்துவிட்டு, திரும்பி வருவதை ‘இன்ட்’ (முழு எண்) என்று எடுத்துக்கொள்ளும். 64 பிட்டில், பாயிண்டர் தரும் நம் சொந்த ஃபங்ஷன் என்றால் அந்த முகவரியில் பாதி போய்விடும்.

சரிபார்க்க, நீக்குவதற்கு முன்னும் பின்னும் இயந்திர நிரலைக் காட்டும் ‘ஆப்ஜ்டம்ப் -டி’ வெளியீட்டை ஒப்பிட்டோம். ஒரு வரி குறைந்தாலே வரி எண்கள் நகரும், ‘அசர்ட்’ என்ற சரிபார்ப்பு வரி அந்த எண்ணையும் நிரலில் சேர்த்துக்கொள்ளும். ஆகவே ஒப்பிடும் பில்டில், ‘அசர்ட்’டை அணைக்கும் ‘என்டீபக்’ அவசியம். லினக்ஸின் வழக்கமான சி நூலகமான கிலிப்சியின் ஹெடர்கள் ஒன்றையொன்று இழுத்து விடுபட்டதை மறைப்பதுண்டு. மசல் என்ற வேறொரு சி நூலகம் உள்ள ஆல்பைன் லினக்ஸில் ஒருமுறை பில்டு செய்தால் குட்டு வெளிப்படும். ஒரு கமிட்டுக்கு (பதிவு செய்யும் மாற்றத்துக்கு) ஒரு ஹெடர் என்ற முறையைப் பின்பற்றியதால், பிழை புகுந்த கமிட்டைத் தேடும் ‘கிட் பைசெக்ட்’ சிக்கலை ஒற்றை வரியில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

சோதனைக் கோப்புறை இன்னும் மிச்சம். வெளி நூலகங்களின் கோப்புறையை யாரும் தொட வேண்டாம். அடுத்த பதிப்பை இறக்கும்போது நம் திருத்தம் எல்லாம் வீணாகும். 32 பிட் பில்டைத் தானியங்கிச் சோதனையில் சேர்க்க, பழைய பலகை ஒன்று வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் தெரிவிக்கவும்.

அறிக்கையை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
புதுச்சேரி