மறுபடி இன்ஜினை இறக்கும் முன் கேஜை மாட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து), ஹெட் வேலையும் முடிந்து வந்த பெட்ரோல் கார் குமுளி மலையில் திணறினால், ‘ரிங் சரியா உக்காரல’ என்று பிஸ்டன் வளையத்தைக் குறை சொல்லி இன்ஜினை மறுபடியும் இறக்கிவிடுவது கம்பம், கூடலூர் பக்கம் வழக்கமாகிவிட்டது. அதற்கு முன், இன்ஜின் காற்றை உறிஞ்சும் வலுவைக் காட்டும் வேக்குவம் கேஜை மாட்டிப் பார்த்தால் பல வண்டிகளுக்கு அந்தச் செலவே வராது.

கேஜ் குழாயை த்ராட்டிலுக்கு (காற்றுவழியைத் திறந்து மூடும் தகடு) கீழே, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டில் மாட்ட வேண்டும். கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் துளையில் மாட்டினால் பல வண்டிகளில் ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) முள் அசையாது. வேக்குவமே இல்லை என்று தோன்றிவிடும். நல்ல இன்ஜின் சூடானபின், கடல் மட்டத்தில், ஐட்லிங்கில் 17 முதல் 21 இன்ச் (பாதரச அளவு) வரை ஆடாமல் காட்டும். ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ ஓர் இன்ச் குறையும். கம்பத்தைவிட குமுளி சுமார் 1,600 அடி உயரம். ஆகவே கம்பத்தில் 18 காட்டிய வண்டி குமுளியில் பதினாறரை காட்டினால் பழுது என்று அர்த்தமில்லை. புது ரிங் படியும்வரை சற்றுக் குறைவாக இருப்பதும் இயல்பே.

முள் ஆடாமல் 10 முதல் 14க்குள் நின்றால் முதலில் டைமிங்கைப் பாருங்கள்; அதாவது வால்வு திறப்பதும் ஸ்பார்க் அடிப்பதும் பிஸ்டனோடு ஒத்துப்போகிறதா என்று. வேலை பார்த்த இன்ஜினில் டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருப்பது சகஜம். ஓவர்ஹெட் கேம் இன்ஜினில் (வால்வைத் திறக்கும் கேம் தண்டு ஹெட்டில் இருப்பது) ஹெட்டை அதிகம் சீவியிருந்தாலும் கேம் கொஞ்சம் பின்தங்கும். முதல் பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்தி, கிராங்க், கேம் இரண்டின் மார்க்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறகுதான் ஸ்பார்க் டைமிங்.

அதைவிடவும் கீழே போனால் எங்கோ காற்று இழுக்கிறது. மேனிஃபோல்டு பேக்கிங், கார்புரேட்டர் அடி பேக்கிங், பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரின் ஹோஸ் ஆகியவற்றில் தேடுங்கள். ஹோஸ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்துப் பாருங்கள். எதைப் பிடிக்கும்போது முள் ஏறுகிறதோ அங்கேதான் லீக். பேக்கிங் ஓரத்தில் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினால், ஓட்டை இருக்கும் இடத்தில் அதை உள்ளே இழுத்துக்கொண்டு ஐட்லிங் மாறும். பெட்ரோலை ஊற்றிப் பார்ப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பல வண்டிகளில் சைலன்சர் மேனிஃபோல்டு பக்கத்திலேயே கொதித்துக்கொண்டிருக்கும், தீப்பிடித்துவிடும்.

முள் சீரான இடைவெளியில் வெட்டி வெட்டி இறங்கினால் ஒரு வால்வு மூடவில்லை: டேப்பெட் கேப் (வால்வு முழுதாக மூட விடும் இடைவெளி) இல்லாமல் வைத்திருக்கலாம், லேப்பிங் (வால்வு இருக்கையில் படியத் தேய்ப்பது) குறைந்திருக்கலாம். 2,500 ஆர்பிஎம்மில் பிடித்திருக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சைலன்சர் அடைப்பு.

இத்தனைக்கும் பிறகுதான் ரிங். ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் (உள்ளே ஏறும் அழுத்தம்) அளந்து, குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் ரிங் பக்கம், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் பேக்கிங்.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் டீசல் ஜீப்புகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவற்றில் பிரேக்குக்குத் தனி வேக்குவம் பம்ப் உண்டு. பெட்ரோல் காரில் பூஸ்டருக்கு மேனிஃபோல்டு வேக்குவம்தான் ஆதாரம். அது குறைந்த வண்டியை நியூட்ரலில் விட்டு மலையடிவாரத்து லோயர் கேம்ப் நோக்கி இறக்கினால், வளைவுக்கு வளைவு மிதிக்க மிதிக்க பெடல் கல்லாகிவிடும்.

இன்ஜின் வேலை முடித்து வண்டியைத் தரும்போது கேஜ் காட்டிய அளவையும், எந்த ஊரில் எடுத்தது என்பதையும் பட்டறைக்காரர்கள் பில்லிலேயே எழுதித் தர வேண்டும். எழுதாவிட்டால் வண்டிக்காரர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக்குகள் சிலர்,
கம்பம்.